கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் காதைப் பாருங்கள்: முதல் ஹெட்போன் வாங்குவோருக்கு

"ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல ஹெட்போன் ஒண்ணு சொல்லுங்க." மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கோ, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கித் தரச் சொன்ன மாதிரி இருக்கும்.

பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கினேன். இணையத்தில் எல்லோரும் பேஸ், அதாவது அடித்தொனி, அள்ளுது என்று புகழ்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால், தகர டப்பாவுக்குள் கச்சேரி நடக்கிற மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று மேசையில் போட்டுவிட்டேன். விடுமுறைக்கு வந்த அக்கா மகள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "மாமா, செம பேஸு!" என்றாள். அதே இயர்போன், அதே போன், அதே பாட்டு. மாறியது காது மட்டும்தான். அவள் காதுத் துளைக்கு இயர்போன் முனையில் இருக்கும் ரப்பர் கச்சிதம். என் காதில் அது தொளதொளவென்று நின்றிருக்கிறது. பெட்டியில் கிடந்த பெரிய ரப்பரை மாற்றிப் போட்டதும், காணாமல் போன மிருதங்கம் திரும்பி வந்தது.

ஆகவே இங்கே 'சிறந்த 10' பட்டியல் கிடையாது. உங்களுக்கு ஒத்துவருவதை நீங்களே கண்டுபிடிக்கும் வழி மட்டும்.

படி 1: எங்கே கேட்கப் போகிறீர்கள்?

ஒரு காகிதத்தில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் வரை போகிறவரா? பகல் முழுக்க மீட்டிங்கா? ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அரை மணி நேரம் பாட்டா? எங்கே அதிக நேரம் கேட்கிறீர்களோ அந்த இடத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

ரயிலிலும் பேருந்திலும் வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருந்தால்தான் நிம்மதி. வந்தால், அதோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். காதுத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும் இன்-இயர் வகை அங்கே சரி. சாலையோரம் நடப்பவருக்கு இது நேர்மாறு. பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் காதில் விழ வேண்டும். துளையை அடைக்காமல் காதின் வாசலில் உட்காரும் வகையோ, கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் வகையோ வாங்கலாம். பேஸ் குறையும், பரவாயில்லை. வண்டி ஓட்டும்போது எந்த வகையும் வேண்டாம்.

அப்பாவுக்கு எஃப்.எம். கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒயர் வைத்ததையே வாங்குங்கள். எஃப்.எம். வசதி உள்ள போன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒயர்தான் ஆன்டெனா. விலை உயர்ந்த புளூடூத் இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஸ்டேஷன் கிடைக்கலப்பா" என்று முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள்

காது முழுவதையும் மூடும் ஓவர்-இயர் ஹெட்போன் கேட்க சுகமானது. பாட்டு தலைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் கொஞ்சம் விரிந்து கேட்கும். ஆனால் மே மாதம் மின்விசிறிக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், காதோரம் வியர்வை வழியும். செயற்கைத் தோலில் செய்த மெத்தை நம் புழுக்கத்தில் இரண்டு வருஷத்துக்குள் கருவேப்பிலைச் சருகு மாதிரி உதிர ஆரம்பித்துவிடும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடிவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடுக்கு வழியாகவே பேஸ் வெளியே போய்விடும்.

ஏ.சி. அறையில் வேலை செய்பவர்களுக்கு ஓவர்-இயர். மற்றவர்களுக்கு இன்-இயர். இது என் கட்சி.

படி 3: ரப்பர்தான் பாதி சவுண்டு

இன்-இயர் வாங்கினால் பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி சிலிகான் ரப்பர் இருக்கும். தொழிற்சாலையில் நடுத்தரத்தை மாட்டி அனுப்புவார்கள். நம் ஆட்களில் பாதிப்பேர் மற்ற இரண்டைக் கையால் தொடுவதே இல்லை.

ரப்பருக்கும் காதுத் துளையின் சுவருக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ்தான். மேல் ஒலிகள் அப்படியே நிற்கும். அதனால்தான் பொருந்தாத இயர்போன் எப்போதும் கீச்சென்று, உடம்பே இல்லாமல் ஒலிக்கிறது.

சோதிப்பது சுலபம். பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று ஏறினால் ரப்பர் சின்னது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் பொருத்தம் சரி. அரை மணி நேரத்தில் காது வலித்தால் பெரிது. ஒரு காதுக்கு நடுத்தரமும் மறு காதுக்குப் பெரிதும் தேவைப்படலாம். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்கு இடது காது பெரிது.

மாட்டும் விதமும் உண்டு. வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வலது காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடியுங்கள். துளை நேராகும். அப்போது உள்ளே வைத்து, மடலை விட்டுவிடுங்கள். முதல் நாள் வித்தை காட்டுவது போல இருக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

மூன்று அளவும் ஒத்துவராதவர்கள் ஃபோம் ரப்பர் வாங்கலாம். கையில் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால் தானாக விரிந்து அடைத்துக்கொள்ளும். சீக்கிரம் அழுக்காகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

படி 4: ஒயரா, புளூடூத்தா?

காசுக்கு நல்ல சவுண்டு வேண்டுமென்றால் ஒயர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாயிரம் ரூபாயில் புளூடூத் இயர்பட்ஸ் வாங்கினால் அந்தப் பணம் பேட்டரி, சிப், மைக், சார்ஜ் ஆகும் டப்பா என்று பல பங்காகப் பிரியும். ஒயர் வைத்ததில் பெரும் பங்கு ஒலிக்கே போகும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் குட்டி லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர ஆரம்பிக்கும். அதை மாற்றவும் பெரும்பாலும் வழியில்லை. ஒயர் கழற்றி மாட்டும் இயர்போனில் ஒயர் போனால் ஒயரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனாலும் நெரிசல் பேருந்தில் யாரோ ஒருவரின் பையில் சிக்கி ஒயர் அறுந்தவர்களுக்கு என் பேச்சு எடுபடாது. புளூடூத்தான் என்று முடிவு செய்தவர்கள் மூன்று விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கிக் காற்றில் அனுப்பும் முறை. எஸ்.பி.சி. என்ற கோடெக் எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன் எஸ்.பி.சி.யையும் ஏ.ஏ.சி.யையும் தவிர வேறு எதையும் அனுப்பாது. சோனி உருவாக்கிய எல்டாக் வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஆண்ட்ராய்டு 8 முதல் பல போன்களில் கிடைக்கிறது. ஐபோன் வைத்துக்கொண்டு எல்டாக்குக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இரண்டாவது, மீட்டிங் சங்கடம். லேப்டாப்பில் பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டிங் தொடங்கியதும் எல்லாம் பழைய தரைவழித் தொலைபேசி மாதிரி ஆகிவிடும். ஹெட்போன் கெட்டுவிடவில்லை. பாட்டு ஒருவழிப் பாதையில் வருகிறது. மைக் திறந்ததும் புளூடூத் இருவழிப் பாதைக்கு மாறுகிறது, அந்தப் பாதை குறுகியது. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் மறுபடி பாட்டுப் பாதைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, தாமதம். வீடியோ பார்க்கும்போது பெரும்பாலான செயலிகள் படத்தைச் சற்று நிறுத்தி வைத்துச் சமாளித்துவிடும். கேம் ஆடும்போதுதான் குண்டு வெடித்தபின் சத்தம் வரும்.

படி 5: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். முதல் குழப்பம் ஏ.என்.சி.யும் இ.என்.சி.யும். பெட்டியில் இ.என்.சி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது உங்கள் குரலைச் சுற்றியிருக்கும் இரைச்சலை மைக்கில் வடிகட்டும் வேலை. பலன் மறுமுனையில் பேசுபவருக்கு. ரயில் சத்தம் உங்கள் காதில் குறைய வேண்டுமென்றால் ஏ.என்.சி. இருக்க வேண்டும்.

ஏ.என்.சி.யிடமும் அளவோடு எதிர்பாருங்கள். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி இரண்டையும் மோதவிட்டு அடக்குவது அதன் வேலை. வங்காளத் தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்தவரும் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவருமான அமர் போஸ் 1978-இல் ஜூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, எஞ்சின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. எஞ்சின் இரைச்சலை அடக்கப் பிறந்த வித்தை என்பதால், ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்தைத்தான் இது நன்றாக விழுங்கும். ஏ.சி., மின்விசிறி, ரயிலின் உறுமல் எல்லாம் அடங்கும். பக்கத்து இருக்கைக்காரர் போனில் கத்துவது அடங்காது. அதை ஓரளவு தடுப்பது மூன்றாம் படியில் சொன்ன ரப்பர்தான்.

'20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' என்பது மனிதக் காதின் எல்லை. நூறு ரூபாய் இயர்போனிலும் இதையே அச்சடிப்பார்கள். டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் பாகம். '40 மில்லிமீட்டர் டிரைவர்' என்பது அளவே தவிரத் தரம் அல்ல. உயர்தர ஒலி என்று காட்டும் ஹை-ரெஸ் முத்திரைக்கு 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும். நம் காது அதில் பாதியைத் தாண்டாது. இவற்றைப் பார்க்காமலே தாண்டிப் போகலாம்.

பார்க்க வேண்டியது ஓம் அளவு, அதாவது மின்தடை. 16 முதல் 32 ஓம் வரை என்றால் போனுக்குப் போதும். சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற ஹெட்போன்கள் 300 ஓம். போனில் செருகினால் முனகும், அவற்றுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். உடற்பயிற்சிக்கு வாங்குபவர்கள் ஐ.பி.எக்ஸ்.4 இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் அது தாங்கும். இந்தக் காப்பு பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டும்தான், டப்பாவுக்கு இல்லை. வியர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

புளூடூத் வகைகளுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் ஆங்கில ஆர் (R) எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த பதிவு என்று தெரிந்துவிடும். பெரிய பிராண்டின் பெயரைப் போட்டுப் பாதி விலைக்கு விற்கும் சரக்கைக் கண்டுபிடிக்க நல்ல வழி.

படி 6: போனில் ஓட்டை இல்லையென்றால்

2016-இல் ஐபோன் 7-இல் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை, அதாவது ஒயர் இயர்போன் செருகும் ஓட்டையை, எடுத்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஒயர் இயர்போனை டைப்-சி துளையில் இணைக்க டாங்கிள் என்ற சின்ன இணைப்பான் ஒன்று வேண்டும். நடைபாதையில் கிடைக்கும் மிக மலிவானவை சிலவற்றில் வெறும் கம்பிதான் இருக்கும். சில போன்களில் வேலை செய்யும், பலவற்றில் செய்யாது. எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் டாக் சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய இயர்போனின் பின்னையும் பாருங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் பாட்டு மட்டும். மூன்று இருந்தால் மைக்கும் உண்டு.

பாட்டுக்கென்றே தனி பிளேயர் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். முதல் முறை வாங்குபவருக்கு வேண்டாம். அந்தக் காசை இயர்போனில் போடுங்கள். அதற்கு முன் பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குள் போய், டேட்டா சேமிப்பை அணைத்துத் தரத்தை உயர்த்துங்கள். செலவே இல்லாமல் காது குளிரும்.

படி 7: கடையில் கேட்டுப் பார்ப்பது

கடைக்காரர் போடும் பாட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது எதில் போட்டாலும் அதிரும்படி பார்த்து வைத்த பாட்டு. நூறு முறை கேட்டுப் பழகிய பாட்டை உங்கள் போனிலேயே கொண்டுபோங்கள்.

நான் எடுத்துப்போவது ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தில் தொப்பி என்ற இடது பக்கத்தின் கும்கியும் (வளைந்து எழும் தாழ்ந்த நாதம்) வலந்தலை என்ற வலது பக்கத்தின் சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பி வீங்கிப்போய் பாடகர் குரலை மூடினால் பேஸ் மிகை. பாடகி 'ஸ' சொல்லும்போதெல்லாம் ஊசி குத்தினால் மேல் ஒலி மிகை. தம்புரா பின்னணியில் இழையாமல் மறைந்துபோனால் நுணுக்கம் போதாது. நாதஸ்வரம் போட்டு ஐந்து நிமிஷம் தாங்க முடிந்தால், நாள் முழுக்கத் தாங்கலாம்.

இரண்டை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்லது என்று காது நம்பிவிடும். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்-இயர் வகையைப் பிரித்துவிட்டால் பல கடைகள் திரும்ப வாங்காது. பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: வாங்கியபின்

காதுக்குக் கேடில்லாமல் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10. ஐபோனில் ஹெல்த் செயலி இதைக் கணக்கு வைக்கிறது. மற்றவர்களுக்கு என் கைவைத்தியம்: அமைதியான அறையில் சுகமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு வெளியே கிளம்புங்கள். ரயிலில் அதைவிட நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் ரப்பரை மாற்றிப் பாருங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் சர்வீஸுக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் இயர்போன் முனையின் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த பழைய பல் துலக்கியால் மெல்லத் தட்டினால் உதிர்ந்துவிடும். தண்ணீர் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம்.

மிச்சமிருக்கும் ரப்பர் ஜோடிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என்னுடையவை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. அக்கா மகள் ஊருக்கு வந்துபோகும் ஒவ்வொரு முறையும் அதில் சின்ன அளவு ஒரு ஜோடி குறைகிறது.