கைப்பற்றப்பட்ட சொத்து யாருடையது? அமெரிக்க உரிமையியல் பறிமுதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல் துறை ஒரு காரை எடுத்துச் சென்றாலும், நீதிமன்றம் அதே காரை அரசுக்கே உரியதாக்கினாலும், இரண்டையுமே நாம் 'பறிமுதல்' என்றே எழுதுகிறோம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இவை வேறு வேறு நிலைகள். கைப்பற்றும்போது பொருள்தான் கைமாறுகிறது. உரிமை மாறுவது தீர்ப்பினால், அல்லது யாரும் உரிமை கோராத நிலையில் அந்தத் துறையே பிறப்பிக்கும் அறிவிப்பினால். இந்த இடைவெளியில் செய்யும் தவறுகளால்தான் பலர் தம் சொத்தை இழக்கிறார்கள்.

குற்ற வழக்கில் விடுதலையானால் பொருள் தானாகத் திரும்பி வரும் என்று நம்புவது முதல் தவறு. உரிமையியல் பறிமுதலில் வழக்கு ஆள்மீது அல்ல, பொருள்மீதே தொடுக்கப்படுகிறது. 2006இல் தீர்ப்பான ஒரு மேல்முறையீட்டின் பெயரே 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்' என்பதுதான். குற்ற வழக்கில் கிடைத்த விடுதலை இத்தகைய வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே கூறிவிட்டது.

அடுத்தது கடிதம். பொதுவாகக் கைப்பற்றிய 60 நாட்களுக்குள் அரசு அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். உரிமை கோருவதற்கான கடைசித் தேதி, அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 35 நாட்கள் தள்ளியிருக்கும். அதில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கும்: ஒன்று உரிமை கோரல், மற்றொன்று கருணை மனு, அதாவது பொருளைத் திருப்பித் தருமாறு அரசையே வேண்டிக்கொள்வது. கருணை மனு எளிதாகத் தோன்றுவதால் பலர் அதை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அதைப் பரிசீலிப்பது நீதிபதி அல்ல, அரசுத் தரப்பே. உறுதிமொழியுடன் உரிமை கோரினால்தான் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லையேல் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு ஏற்படும். வழக்குத் தொடுக்கப்பட்டபின் முந்தைய கோரலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் தனியாக மீண்டும் கோர வேண்டும், அதிலிருந்து 21 நாட்களுக்குள் பதிலுரையும் தாக்கல் செய்ய வேண்டும். சுங்கச் சட்டத்தின் கீழான பறிமுதல்களுக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தீர்ப்பு வருமுன் பத்திரத்தை உறவினர் பெயருக்கு மாற்றிவிடுவது. தீர்ப்பு வந்ததும் அரசின் உரிமை தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, குற்றம் நடந்த நாளிலிருந்தே தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்பதால், இடையில் நடந்த கைமாற்றங்கள் அடிபட்டுப்போகும். நியூ ஜெர்சியில் 2,40,000 டாலர் அன்பளிப்பைக் கொண்டு ஒரு பெண் வாங்கிய வீட்டை, போதைப்பொருள் பணத்தில் வந்தது என்று அரசு கோரியபோது, தீர்ப்புக்கு முன் அரசு உரிமையாளர் ஆகாது, ஆகவே பணம் குற்றத்தில் வந்தது என்று அறியாத உரிமையாளர் என்ற வாதத்தை அவர் முன்வைக்கலாம் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுத் துணிகிறவர்கள் 2000ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தைக் கவனிப்பதில்லை. அதன்படி, குற்றத்துக்குப் பின் சொத்தைப் பெற்றவர் உரிய விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். சந்தேகிக்க நியாயமான காரணமும் அவருக்கு இருந்திருக்கக் கூடாது. திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை வழியாக வந்த குடியிருப்பு வீட்டுக்கு மட்டும் குறுகிய விலக்கு உண்டு. அந்த வீடும் குற்றப் பணத்தில் வந்ததாக இருக்கக் கூடாது. அன்பளிப்பாகப் பெற்றவருக்குப் பொதுவாகப் பாதுகாப்பு இல்லை.

பெயர் பத்திரத்தில் இருந்தாலே போதும் என்று கூட்டு உரிமையாளர்கள் எண்ணுவதும் தவறு. கணவர் காரில் செய்த குற்றத்துக்காக, ஒன்றுமறியாத மனைவியின் பங்கும் போனது. 1996இல் பென்னிஸ் எதிர் மிச்சிகன் வழக்கில் அரசமைப்பு அதைத் தடுக்கவில்லை என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று கூட்டாட்சிச் சட்டம் அறியாதவரைக் காக்கிறது, ஆனால் அறியாமையை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். நியூ மெக்சிகோ 2015இல் உரிமையியல் பறிமுதலையே ஒழித்துவிட்டது.

தீர்ப்பு எதிராக வந்தபின், பணம் கருவூலத்துக்குப் போய்விட்டது, இனி மேல்முறையீடு வீண் என்று கைவிடவும் வேண்டாம். அப்படிப் போனதாலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகாரம் அற்றுவிடாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனால் வீடோ வாகனமோ என்றால், மேல்முறையீட்டோடு சேர்த்து விற்பனைக்குத் தடையும் உடனே கேட்க வேண்டும்.