வீட்டு முன்புறம்: வேலை குறையணும், பார்க்கவும் லட்சணமா இருக்கணும்

வீட்டுக்கு முன்னால் உள்ள இடத்தைப் பராமரிக்க முடியவில்லை என்றதும் பலர் முழுவதும் சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். கோடையில் அந்தத் தளம் இருட்டும் வரை அனலடிக்கும், மழைத் தண்ணீர் படிக்கட்டு ஓரம் தேங்கும். கொரியன் புல் பதித்தவர்களுக்கோ தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும் ஓயாது. மட்டம், மண், செடித் தேர்வு மூன்றையும் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட்டால் இந்த இரண்டுக்கும் போக வேண்டியதில்லை.

கணக்குக்கு 20 அடி அகலம், 15 அடி ஆழம் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம், 300 சதுர அடி. நடைபாதைக்கும் கோலத்துக்கும் 80, ஜல்லிப் பரப்புக்கு 100, செடிக்கு 120 எனப் பிரித்தால் போதும்.

மட்டம்

மண் மட்டம் வீட்டின் பேஸ்மட்டத்துக்கு, அதாவது சுவர் எழும்பும் அடித்தள மேல்மட்டத்துக்கு, குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். தெரு உயர்ந்துவிட்டது என்று லோடு லோடாக மண் அடித்துச் சுவரோடு சேர்த்துவிட்டால், ஈரம் சுவரில் ஏறி உள்ளே பெயிண்ட் உரியும். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்ப்பது) பிடித்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 1¼ அங்குலம் சரிவு கொடுங்கள். தெரு உயரமாக இருந்தால் சரிவை, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டியை நோக்கித் திருப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் பல வீடுகளில் தொட்டி ஏற்கெனவே இருக்கும். மேலே அடைத்திருக்கும் வண்டலை அள்ளி, மணலை மாற்றினாலே பெரும்பாலும் தண்ணீர் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும்.

கோரையை ஒழிக்காமல் எதையும் நடாதீர்கள்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். கோரையை மண்வெட்டியால் கொத்தினால் அது குறையாது, பெருகும். மண்ணை நனைத்து, கடப்பாரையால் நெம்பி ஒரு செடியை முழுசாக எடுத்துப் பாருங்கள்: நூல் மாதிரியான வேரில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்குகள் கோத்திருக்கும். நூல் அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிவிடும். அதனால் மேல் மண்ணை முக்கால் அடி ஆழத்துக்குத் தோண்டி, மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் தெளித்து மூன்று வாரம் காத்திருந்து, முளைப்பதை மறுபடி தோண்டி எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் வருஷம் முழுக்கக் களை பறிக்கிறார்கள். மேலே பாலிதீன் ஷீட் விரித்தால் போதும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். கோரை முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும், தண்ணீரும் இறங்காது.

பாதையும் கோலமும்

4 அடி அகலப் பாதைக்கு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் போதும். அடியில் 4 அங்குலம் வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது) போட்டு நன்றாகத் திமிசால் இடித்து இறுக்கி, அதன்மேல் 1 அங்குலம் எம்-சாண்ட். இரண்டு ஓரமும் கான்கிரீட் கெர்ப் (ஓரக்கட்டு) கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கற்கள் பக்கவாட்டில் நகர்ந்து பாதை அலையலையாகிவிடும். இடுக்குகளில் சிமெண்ட் பூசாமல் மணலையே நிரப்புங்கள், தண்ணீர் இறங்க அதுதான் வழி.

வாசற்படிக்கு முன் பேவர் வேண்டாம். இடுக்கில் கோலமாவு இறங்கிக் கோடு உடையும். அங்கே மட்டும் 5 அடிக்கு 4 அடி சிமெண்ட் தளம் போட்டு, வழுக்காத அளவுக்குத் தேய்த்து விடுங்கள். வீட்டு முகப்புக்கு அழகு சேர்ப்பதில் இந்தச் சின்ன இடத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

ஜல்லிப் பரப்புக்கு, நெய்த களைத் தடுப்பு விரிப்பின் மேல் முக்கால் அங்குல ஜல்லி 2 அங்குலக் கனத்துக்கு. 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி வரும், அதாவது ஒரு யூனிட்டில் (100 கன அடி) ஆறில் ஒரு பங்கு. வெள்ளைக் கூழாங்கல் ஒரு மழைக்காலத்திலேயே பாசி பிடித்து மங்கிவிடும், சாம்பல் நிறமே நல்லது. வேப்ப மரத்தடியில் ஜல்லி போடாதீர்கள். உதிரும் சிறு இலைகளைக் கல்லுக்குள்ளிருந்து பெருக்கி எடுக்க முடியாது.

செடி: மூன்று வகை போதும்

நர்சரிக்குப் போய் வகைக்கு ஒன்றாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு வேண்டும், பார்வைக்கும் சிதறலாக இருக்கும். காம்பவுண்ட் ஓரம் நந்தியாவட்டை 4 அடி இடைவெளியில் நான்கு. பாதையோரம் குட்டை இட்லிப்பூ ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பத்து. நடுவில் புல்லுக்குப் பதில் பொடுதலை, ஓர் அடிக்கு ஒரு துண்டு. பொடுதலை தரையோடு படரும், எப்போதாவது நடந்தால் தாங்கும், வெட்டும் வேலை குறைவு. பூவுக்குத் தேனீ வரும் என்பதால் குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடத்தில் மட்டும் தவிர்க்கவும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இட்லிப்பூ சரிப்படாது: இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அங்கே அரளி வையுங்கள். அரளி முழுச்செடியும் விஷம், சிறு குழந்தையோ ஆடு மாடோ உள்ள வீட்டில் வேண்டாம். சீக்கிரம் வளர்ந்து மறைக்கும் என்று கோனோகார்பஸ் மரத்தை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள், அதன் வேர் குழாய்களைத் தேடிப் போகும்.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி ஏற்றது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். நந்தியாவட்டைக்கு ஒன்றரை அடிக் குழி. தோண்டிய மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், கரையானும் வரும். பையைக் கிழித்ததும், வட்டமாகச் சுற்றிய வேர்களை நறுக்கிவிட்டு, பையில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள்.

சொட்டுநீர்

16 மில்லிமீட்டர் குழாய், மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள்: நந்தியாவட்டைக்கு இரண்டு, இட்லிப்பூவுக்கு ஒன்று, ஆக 18. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. அதனால் அழுத்தத்தைச் சமன்செய்யும் விலை கூடிய வகை சரியாக வேலை செய்யாமல் போகலாம், கழற்றிக் கழுவும் சாதாரண வகையே வாங்குங்கள். தொடக்கத்தில் ஒரு ஃபில்டர் இல்லையென்றால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வேர் பிடித்த பிறகு கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் போதும், பொடுதலைக்கு வாரம் ஒருமுறை ஹோஸ். மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். உப்புப் படிந்த சொட்டுவான்களை வினிகரில் ஊறவைத்தால் படிவு இளகிவிடும்.