பழைய ஓட்டு வீட்டைச் சேக்காளிகளோடு சேர்ந்து சரிசெய்வது எப்படி?

பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்த அன்றே சேக்காளிகள் ஐந்து பேரும், “எலே, எப்பம் வேலைய ஆரம்பிக்கோம்?” என்று கேட்டுவிட்டார்கள். வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் வீரவநல்லூர்ப் பக்கம், தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்க்குக் கூப்பிடு தூரத்தில். திண்ணை, தார்சா, பட்டாசாலை, அடுப்பங்கரை, அங்கணம், புறவாசலில் ஒரு கிணறு, மேலே சீமை ஓடு. ஆசை யாரை விட்டது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் வரச் சொல்லிவிட்டேன். வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எனக்கே தெரியவில்லை. ஆளுக்கொரு சுவரைச் சுரண்டினார்கள், வீடு முழுக்கத் தூசியைக் கிளப்பினார்கள், மதியம் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். ஒரு நாள் வீண்.

எவ்வளவு பிரியமான சேக்காளியாக இருந்தாலும் அவனிடமிருந்து கிடைப்பது நாலைந்து ஞாயிறுதான். அதற்குமேல் கேட்டால் போனை எடுக்க மாட்டான். அந்த ஞாயிறுகளை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது, எதைக் கூலி கொடுத்துத் தொழில் தெரிந்தவரிடம் விடுவது என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையைச் சொல்கிறேன்.

படி 1: தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

பழைய வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கூரையிலிருந்து இறங்கும், தரையிலிருந்து ஏறும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மலையடிவாரத்து ஊர்களுக்கு ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் உண்டு. ஆகவே தை கடைசியில் தொடங்கி வைகாசிக்குள் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மழையையாவது வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். எந்த ஓட்டில் சொட்டுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சுவரடியில் காரை பொரிந்து உப்புப் பூத்திருக்கிறதா? ஈரம் ஏறி நிற்கிற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் மாசியில் முழங்காலுக்குக் கீழே போட்ட கோடு, கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் ஒரு சாண் மேலே போயிற்று. கிணற்றிலும் இரண்டு உறை தண்ணீர் ஏறியிருந்தது. ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆற்றங்கரை ஊர் என்றால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: 2023 டிசம்பர் 17, 18 மழையில் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது? அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர்க்காடு. ஆச்சி கையைக் காட்டுகிற உயரத்துக்குக் கீழே பிளக் பாயிண்ட் எதுவும் வைக்காதீர்கள்.

சேக்காளிகளின் முதல் ஞாயிறு இங்கேதான் வருகிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்திருக்கும், புறவாசலிலும் மண் மேவியிருக்கும். சுவரை ஒட்டி வெளியே கிடக்கிற மண்ணை, வீட்டுத் தரையைவிட ஒரு சாணாவது கீழே போகும்வரை வெட்டி எடுத்து, வாய்க்காலைப் பார்த்துச் சரிவு கொடுங்கள். அஸ்திவாரம் கண்ணில் பட்டால் அதற்குமேல் வெட்ட வேண்டாம். மண்வெட்டியும் பாண்டும் இருந்தால் யாரும் செய்கிற வேலை. இது ஒன்றிலேயே எங்கள் ஓதம் பாதி இறங்கிவிட்டது.

படி 2: தொழில் தெரிந்த மூன்று பேரைக் கூட்டி வந்து காட்டுங்கள்

கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன். மூவருக்கும் அரைநாள் கூலி கொடுத்து, ஒரு நோட்டோடு பின்னாலேயே நடங்கள். சும்மா வந்து பார்க்கச் சொன்னால் பார்வையும் சும்மாதான் இருக்கும். கொத்தனாரில் சுண்ணாம்புக் காரையில் கைபட்ட மூத்தவராகத் தேடிப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்த அண்ணாச்சி சேரன்மகாதேவிக்காரர். பாக்கு மென்றுகொண்டே சுவரைக் கைமுட்டியால் தட்டித் தட்டி, காரை எங்கெங்கே சுவரை விட்டுக் கிளம்பியிருக்கிறது என்று கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.

உத்திரம், கைமரம் எல்லாம் ஆசாரி பொறுப்பு. சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கும் மரமுனைதான் முதலில் இற்றுப்போகும். ஸ்குரூ டிரைவரை அங்கே குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் அந்த மரத்துக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

கரண்ட் வேலையில் கூட்டாளி யாரும் கைவைக்கக் கூடாது. மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயர் தொட்டாலே உதிரும், எர்த்தும் இருக்காது. மொத்தத்தையும் மாற்றி, கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். சுவரில் உளி வைக்கிற நாளெல்லாம் மெயினை அணைத்தே வையுங்கள். கிணறு தூர்வாருவதும் அதற்கென்று இருக்கிற ஆட்களின் வேலை. உள்ளே விஷவாயு இருக்கலாம், வேடிக்கைக்குக்கூட இறங்க வேண்டாம்.

படி 3: கூரை

ஏறுகிறவர் ஓடு மாற்றிப் பழகிய ஆள். சேக்காளிகள் தரையில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், என்னதான் “நான் பனையே ஏறுனவம்லா” என்று ஒருவன் சொன்னாலும்.

நூறு சதுர அடிச் சாய்வுக்கு ஏறக்குறைய 140 ஓடு வரும். ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரைக் கிலோ. வரிசையாக நின்று கைமாற்றி இறக்குங்கள். இறக்கியதைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் பாசி போகத் தேய்த்து, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல ஓடு. ‘டப்’ என்றால் விரிசல், அதைத் தனியே போடுங்கள். நல்ல ஓடுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் சுவரோடு சாய்த்து நிறுத்துங்கள். தேள் இருக்கிற இடம் ஓட்டு அடுக்குதான், கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. எங்களுக்கு அன்று இரண்டு கிடைத்தன.

குறைகிற ஓட்டுக்குப் புது ஓடு வாங்கப் போகிறவர்கள் ஒரு பழைய ஓட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழில் இது. அதைப் பார்த்துப் பிறகு வந்த தொழிற்சாலைகள் ஆளுக்கொரு அச்சு வைத்துக்கொண்டன. அச்சு மாறினால் ஓட்டின் காடி (விளிம்புப் பள்ளம்) ஒன்றோடொன்று உட்காராது, அந்தச் சந்தில் மழை இறங்கும். ஓட்டின் அடியில் முத்திரை இருக்கும். வீடு இடித்த சாமான் விற்கும் கடைகளில் அதே முத்திரையைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

படி 4: ஓதச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

தார்சாச் சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ஊரில் இல்லாத வாரத்தில், அவசரப்பட்டு வேறொருவரை வைத்து மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த காரை பொரியத் தொடங்கியது. கார்த்திகையில் சிமெண்டே பலகை பலகையாக விழுந்தது. விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு, நாக்கில் வைத்தால் கரிக்கிற உப்பு.

அண்ணாச்சி வந்து பார்த்தார். “சுவரு மூச்சு விடணும் தம்பி. வாயையும் மூக்கையும் பொத்திட்டு உசுரோட இருன்னா இருக்குமா?” என்றார்.

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும். இறுகிய சிமெண்ட் வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டுக்கும் இதே கதைதான்.

சரி, என்ன செய்வது? சிமெண்டையும் பொரிந்த காரையையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். இது சேக்காளிகளின் இன்னொரு ஞாயிறு. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, அந்தக் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் சுவர் அப்படியே காயட்டும். அப்புறம் கொத்தனார் வந்து ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த சாந்தைப் பூசுவார். கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாந்தில் ஊற்றுவது அண்ணாச்சியின் வழக்கம். பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். ஒரே தடவையில் அரை அங்குலத்துக்குமேல் பூசக் கூடாது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வெள்ளையடிப்பு

சேக்காளிகளுக்கென்றே பிறந்த வேலை. கல்சுண்ணாம்பை இரண்டு வாரத்துக்கு முன்பே தாளித்து, அதாவது தண்ணீரில் நீற்றி வையுங்கள். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். எங்களில் ஒருவன் நீலநிறப் பிளாஸ்டிக் வாளியில் முயன்று பார்த்தான். வாளி அவன் கண்ணெதிரே இளகி, ஒருபக்கமாகச் சாய்ந்து, பல்செட் கழற்றிய தாத்தா வாய் மாதிரி ஆகிவிட்டது. சூடு ஆறியபின் துணியில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள்.

அடிக்கிற நாளில் அதைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தயிர் பதம் என்றால் காய்ந்ததும் செதிலாக உரியும். கொஞ்சம் கோந்தும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்க்கலாம். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். அடித்தவுடன் ஒன்றுமே அடிக்காதது மாதிரி இருக்கும். புதிதாக அடிக்கிறவர்கள் பயந்து அதன்மேலேயே கெட்டியாக அடிப்பார்கள். விடாதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். அன்று ஒரு கை, மறுநாள் ஒரு கை என்று மூன்று கையாவது வேண்டும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும்: முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். என் அத்தை புறவாசலில் மூன்று கல் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கினாள். முருங்கைக்கீரை வாசனை தார்சா வரைக்கும் வந்ததில், பதினொரு மணிக்கே வெள்ளையடிக்கிற மட்டையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

படி 6: கதவும் தரையும்

கதவில் ஏழெட்டு அடுக்குப் பெயிண்ட் இருக்கும். ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது; அதற்கு முந்திய பெயிண்டை ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சிவப்புக் காவித் தரையை உடைத்து டைல்ஸ் போடச் சொல்லி நாலு பேராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆசிட் ஊற்றாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பழைய வேட்டித்துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். எங்கள் பட்டாசாலைத் தரையை நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு சாயங்காலத்தில் முடித்தோம். முதல் இரண்டு நாள் வழுக்கும், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மிஞ்சிய சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீருக்கடியில் மூடிக்கிடந்தால் கெடாது, நாளாக நாளாக இன்னும் நயமாகும். எங்கள் டிரம்மில் பாதி கிடக்கிறது. வருகிற தைக்குத் திண்ணைக்கு அடிக்க வேண்டும். இரண்டு பேர் போதும் என்று சொல்லியிருக்கிறேன், ஐந்து பேரும், “கூட்டாஞ்சோறு உண்டும்லா?” என்று கேட்டிருக்கிறார்கள்.