திருக்காளத்தி இரவை மையில் வரைவது: ஒளியும் நிழலும் இடம் மாறிய கண்ணப்பர் சித்திரக்கதை

பின்னாளில் கண்ணப்பரான வேடர் திண்ணனார், காளத்தி மலையில் குடுமித்தேவர் என்ற சிவலிங்கத்துக்கு வில்லோடு விடிய விடியக் காவல் நின்ற இரவைச் சேக்கிழார் பாடும்போது, தீபமாய் எரியும் மரங்களையும், மந்திகள் குகையில் வைத்த மணிகளையும், புலனடக்கிய முனிவர்களின் சோதியையும் சொல்லிவிட்டு, அந்த மலையில் இரவே இல்லை என்கிறார். கறுப்பு மையை மட்டும் கொண்டு இதை வரைய, ஒளியையும் நிழலையும் இடம் மாற்றுவது மிகப் பொருத்தமான வழி. வானம் வெறும் தாளாக நிற்கும். ஒளி படும் இடமெல்லாம் மை.

முதலில் எந்தக் கட்டங்களை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள். எட்டுப் பக்கக் கதையில் இரண்டு பக்கம் போதும். கதை முழுக்க மாற்றினால் வாசகரின் கண் பழகிவிடும், அதன்பின் அதற்குப் பொருள் இல்லை. வேட்டை, பொன்முகலி ஆற்றில் நீர் முகப்பது, காலையில் பூசை செய்யும் சிவகோசரியார் வந்து இறைச்சியைக் கண்டு பதறுவது எல்லாம் வழக்கமான முறையிலேயே இருக்கட்டும். காவல் இரவு மட்டும் மாறட்டும். ஆறாம் நாள் காட்சியை மாற்றவே கூடாது. இறைவன் கண்ணிலிருந்து வழியும் குருதி வெள்ளையாகிவிடும். பார்ப்பவர்கள் பாலபிஷேகம் என்று நினைப்பார்கள்.

மாற்றுவது என்றால் போட்டோ நெகட்டிவ் போல எல்லாவற்றையும் புரட்டுவதல்ல. அப்படிச் செய்தால் வெயிலில் கறுத்த வேடர் வெளுத்துப்போவார். வெள்ளை, கோட்டுநிழல், கறுப்பு என்று மூன்றே நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் நிறத்தைக் கோட்டுநிழலில் வையுங்கள்: அரை மி.மீ. கோடு, அரை மி.மீ. இடைவெளி. வெள்ளையும் கறுப்பும் இடம் மாறினாலும் இந்த நடுநிலை மாறாது. ஆக, பகல் பக்கத்திலும் இரவுப் பக்கத்திலும் திண்ணனார் அதே திண்ணனார்.

முகம்தான் கடினம். மேலிருந்து ஒளி விழும் முகத்தை மாற்றினால் கீழிருந்து பந்தம் பிடித்த பேய் முகமாகத் தெரியும். இங்கே லிங்கம் தரையோடு இருப்பது நமக்கு நல்லது. ஒளியை அங்கிருந்தே, கீழிருந்து வரவிடுங்கள். தாடையின் அடி, மூக்கின் அடி, புருவத்தின் அடி ஆகியவைதான் ஒளி படும் இடங்கள். அவை கறுப்பாகும்போது முகம் மேலிருந்து வெளிச்சம் பெற்றதுபோல இயல்பாக அமைதி கொள்ளும். கண்களை மட்டும் மாற்றாதீர்கள். விழி வெள்ளையாகவும் கருமணி கறுப்பாகவும் இருந்தால்தான் ஆள் யாரென்று அடையாளம் தெரியும். கண்ணைக் கொடுத்தவரின் கதையில் கண் மட்டும் புரளாமல் நிற்பது எத்தனை பொருத்தம்!

மை தொடுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் தீப்பெட்டி அளவில் மென்மையான பென்சிலால் நிழலிட்டு, போனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ஒரே விளக்கு எரியும் சாதாரண இரவுக் காட்சி தெரிந்தால் கணக்கு சரி. ஒரு பாறையின் நிழல் லிங்கத்தை நோக்கி விழுந்தால் அங்கே தவறிவிட்டது. லிங்கம் முழுக் கறுப்பு. கறுப்பு அதனருகில் அடர்ந்து, தள்ளிப்போகப் போகக் குறைந்து, வெள்ளையில் முடிய வேண்டும்.

தாள் ஏ3 அளவில், வழவழப்பாக, 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய தாள் கறுப்பு நிரப்பியதும் சுருண்டுவிடும். தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் வாங்குங்கள். பவுண்டன் பேனா மைமேல் வெள்ளை தடவினால் மை கரைந்து மேலே ஏறி, வெள்ளை சாம்பலாகும். சந்தேகமிருந்தால் ஒரு கோடு போட்டுக் காயவிட்டு ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காவிட்டால் மை பிடிக்காது. நகரி, புத்தூர், காளத்திப் பக்கத்துக் கோடையில் மை நிப்பிலேயே உறையும். அடிக்கடி தண்ணீரில் முக்கித் துடையுங்கள், மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள்.

கறுப்புக்குள் வரும் வெள்ளைக் கோடுகளைப் பிறகு வெள்ளை மையால் போடலாம் என்று விடாதீர்கள். வில்லின் நாணுக்கு இரண்டு பென்சில் கோடுகளை 1 மி.மீ. இடைவெளியில் போட்டு, இருபுறமும் கறுப்பு நிரப்பி, நடுவில் தாளையே விடுங்கள். வெள்ளை மை திருத்தத்துக்கு மட்டும். பெரிய கறுப்புப் பரப்பை 6ஆம் எண் பிரஷால் ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காய்ந்தபின் குறுக்காக இன்னொரு பூச்சு. பாறை விளிம்புகளுக்குச் சீவிய மூங்கில் குச்சி அருமை. காளத்திக் கலம்காரிக்காரர்கள் கையிலும் மூங்கில் கலம்தானே.

இரவுப் பக்கங்களில் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கறுப்பாக்குங்கள், இல்லையேல் வெள்ளை வானம் அதில் கலந்துவிடும். பேச்சுக்குமிழ்களும் கறுப்பு, எழுத்து வெள்ளை. ஆனால் எழுத்தைக் கறுப்பு மையில் தனித்தாளில் எழுதி, ஸ்கேன் செய்து கணினியில் புரட்டுங்கள். சுழி அடைபட்டால் ண எது, ன எது என்று தெரியாது. எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். தனித்தாளில் இருந்தால் தெலுங்குப் பதிப்பும் எளிது. தெலுங்கில் எழுத்தின் அடியில் தொங்கும் ஒத்துகளுக்காக (கூட்டெழுத்து வடிவங்கள்) வரி இடைவெளியை மட்டும் கூட்டுங்கள்.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4க்குச் சுருக்கினால் 1 மி.மீ. கோடு 0.7 ஆகும். அச்சில் மை பரவிக் கறுப்புக் கோடு தடிக்கும், வெள்ளைக் கோடு மெலியும். அதனால் வெள்ளைக் கோட்டைக் கறுப்புக் கோட்டைப்போல் இருமடங்கு அகலம் வைப்பது நல்லது. ஜெராக்ஸில் அடிப்பதானால் உள்ளங்கையைவிடப் பெரிய கறுப்பு திட்டுத்திட்டாக வெளிறும். அங்கெல்லாம் காய்ந்த பிரஷால் இழுத்து இடையிடையே தாள் தெரிய விடுங்கள்.