கொம்பிரசர் வாங்கும்போது தாங்கியின் அளவில் மயங்காதீர்கள்

கடையில் முதலில் கண்ணில் படுவது கொம்பிரசரின் காற்றுத் தாங்கிதான். ஆனால் கேட்க வேண்டியது, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்று வெளியே வரும் என்பதே. பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இழுக்கும் அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. டயருக்குக் காற்றடிக்க, தூசு ஊத, சின்ன ஆணி அடிக்க 24 லீற்றர் தாங்கியே போதும். பெயிண்ட் அடிப்பதும் காற்றில் ஓடும் சாண்டரும் (உரசித் தேய்க்கும் மெஷின்) வேறு கதை, அவை விடாமல் காற்றைக் குடிக்கும். சாண்டர், இரும்பு தேய்க்கும் கிரைண்டர் இரண்டையும் கரண்டில் ஓடுவதாகவே வாங்குங்கள், வீட்டுக்கு அதுதான் சரி.

பழைய யப்பான் சாமான் மலிவாகக் கிடைத்தால் வோல்ற் எழுதிய தகட்டைப் பாருங்கள். அங்கே 100 வோல்ற், நமக்கு 230. ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு ஒன்று. ஈரக்காற்றால் தாங்கிக்குள் தண்ணீர் சேரும், உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருவால் மெலிந்த தாங்கி வெடிக்கவும் கூடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். மார்கழி மழைக்குள் இதை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.