பழைய மாடல் கரி எஞ்சினுக்குப் புது பெயின்ட்: மதுரை வெயிலுக்கும் உப்புத் தண்ணிக்கும் ஏற்ற செய்முறை

தெற்கு மாவட்டத்து மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி. (பயணிகள் வண்டிக்கு), ஒய்.ஜி. (சரக்கு வண்டிக்கு) நீராவி எஞ்சின்களின் சின்ன மாடல் வேண்டும் என்று கேட்டால் கடையில் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலும் கைக்கு வருவது, வெளிநாட்டில் இருந்த மாமாவோ சித்தப்பாவோ எப்போதோ வாங்கிவந்து பரணில் போட்ட ஆறு சக்கரத்துச் சின்ன டேங்க் எஞ்சின், அதாவது தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் எஞ்சின். பச்சையோ நீலமோ, பளபளவென்று இருக்கும். முதல்முறை பெயின்ட் அடிக்க அதுவே போதும். விலை உயர்ந்த மாடலில் கை வைக்க வேண்டாம்.

கறுப்பு அடிப்பது சுலபம். கறை வைப்பதுதான் வேலை. நிஜ எஞ்சினில் இருக்கும் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. தண்ணீர் எங்கே ஒழுகும், எண்ணெய் எங்கே தெறிக்கும், சாம்பல் எங்கே கொட்டும் என்று தெரிந்தால் பிரஷ் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். ஆகவே இந்தப் பதிவில் கறைக்குத்தான் அதிக இடம்.

1. முதலில் ஓட்டிப் பாருங்கள்

மாடல் ரயிலில் அளவு வகைகள் உண்டு: ஓ.ஓ. (OO) என்றால் நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு, அதாவது 1:76; ஹெச்.ஓ. (HO) என்றால் 1:87. இரண்டுமே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். 1:160 அளவுள்ள ‘என்’ (N) வகை கைக்கு அடக்கம்தான், ஆனால் முதல் வேலைக்கு ரொம்பப் பொடி. எந்த அளவாக இருந்தாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலரில் ஓட விடுங்கள். ஓடாத எஞ்சினுக்கு அலங்காரம் செய்துவிட்டு, மோட்டார் பார்க்க மறுபடி கழற்றினால் புது பெயின்டில் கீறல் விழும்.

2. கழற்றுவது

ஒவ்வொரு திருகையும் எடுக்கும் முன் மொபைலில் ஒரு போட்டோ. திருகுகளை மாத்திரை டப்பாவின் தனித்தனி அறைகளில் போட்டு, எந்த இடத்துத் திருகு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மேல்கூடு தனியாக, சக்கரமும் மோட்டாரும் இருக்கும் அடிச்சட்டம் தனியாக வந்துவிடும். அடிச்சட்டத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.

3. பழைய பெயின்டை எடுப்பதா, வேண்டாமா?

பழைய பூச்சு மெல்லியதாக, உரியாமல் இருந்தால் எடுக்கவே வேண்டாம். 1000 நம்பர் எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு போகும் வரை லேசாகத் தேய்த்தால் போதும். ரிவெட் தலைகளையும் சேர்த்துத் தேய்த்து மழித்துவிடாதீர்கள்.

பூச்சு தடித்து, ரிவெட்டே தெரியாமல் மூடியிருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் கூட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்று வைத்திருப்பார்கள். முதலில் கூட்டின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுக்காவிட்டால் மூடி போட்ட டப்பாவில் ஊறவைத்து, அவ்வப்போது எடுத்து மெத்தென்ற பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மர பெயின்டுக்குக் கலக்கும் தின்னரை பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கூடு உருகிவிடும். ஹார்ன்பி டப்ளோ மாதிரிப் பழைய உலோகக் கூடுகள் தின்னரைத் தாங்கும். எதுவானாலும் கையுறை போட்டுக்கொண்டு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். போர் தண்ணியில் கழுவலாம், ஆனால் கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். போர் தண்ணி காய்ந்த இடத்தில் நிற்கும் உப்புப் புள்ளி, பிரைமருக்கு (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடியிலும் முண்டிக்கொண்டு தெரியும். கழுவிய பிறகு கூட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

4. நுணுக்கங்கள் பெயின்டுக்கு முன்பே

மலிவான மாடல்களில் கைப்பிடிக் கம்பி பிளாஸ்டிக்கோடு சேர்ந்து ஒரு வரம்பு போல வார்க்கப்பட்டிருக்கும். அதைச் சீவி எடுத்துவிட்டு நிஜக் கம்பி போட்டால் மாடலின் முகமே மாறிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

கம்பிக்கு எங்கேயும் ஆர்டர் போட வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 26 கேஜ் செம்புக் கம்பி துண்டு கேளுங்கள். அதன் கனம் சுமார் 0.46 மி.மீ.; 1:76 அளவில் அது நிஜத்தில் 35 மி.மீ. கைப்பிடிக்குச் சமம். ஹெச்.ஓ. என்றால் 27 அல்லது 28 கேஜ். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுங்கள். கம்பி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதோடு நேராகிவிடும், விறைப்பும் ஏறும்.

துளை போட எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. சர்க்யூட் போர்டு டிரில் பிட், அதைப் பிடிக்க ஒரு கைத்துளைப்பான். ஃபெவிக்விக்கை நேராக டியூபிலிருந்து விடாதீர்கள்; பழைய பிளேட்டில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு வையுங்கள். அதிகமானால் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும்.

கரித்தொட்டியில் பிளாஸ்டிக் கரி இருந்தால் அதன் மேல் நிஜக் கரி ஒட்டலாம். இஸ்திரிக்காரரிடம் வாங்கும் அடுப்புக்கரி விறகுக்கரி, மங்கலாக இருக்கும். எஞ்சினில் போட்டது நிலக்கரி. உடைந்த முகத்தில் மினுமினுப்பு உண்டு. அதனால் அடுப்புக்கரியை உடைத்து, 2 மி.மீ.க்குள் சலித்து, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் கலந்து ஒட்டிவிட்டு, கடைசியில் சில துண்டுகளுக்கு மட்டும் கிளாஸ் (gloss, பளபளக்கும்) வார்னிஷ் தொட்டு வையுங்கள். இந்த ஒட்டும் வேலை மட்டும் பெயின்ட் முடிந்த பிறகு.

5. பிரைமர்: நேரம் பார்த்து அடியுங்கள்

சித்திரை, வைகாசி மதியத்தில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் கூட்டில் படுமுன்பே காற்றில் காய்ந்து, சொரசொரவென்று உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் ஈரப்பதம் சேர்ந்து லாக்கர் (lacquer) பெயின்டும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷும் வெளுத்துப் போகும். மழை இல்லாத நாளில், வெயில் ஏறுவதற்கு முன்பு காலையில் அடிப்பதே சரி. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். அடித்து முடித்ததும் மேலே ஒரு பெரிய டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். முகமூடி கட்டாயம்.

சாம்பல் நிற பிரைமர் ஸ்ப்ரே போதும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, எஞ்சினுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கடந்துபோய் மறுபக்கம் வெளியே விட வேண்டும். எஞ்சின் மேல் வைத்து அழுத்த ஆரம்பித்தால் அங்கே வழியும். ஒரே தடவையில் மூட நினைக்காமல் மெல்லிய பூச்சாகச் சில தடவை.

6. கறுப்பில் எத்தனை கறுப்பு

புட்டிக் கறுப்பை அப்படியே அடித்தால் ரிவெட், மடிப்பு எல்லாம் இருட்டில் மறைந்துவிடும். தூரத்திலிருந்து பார்க்கும் எந்த நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். கையளவு மாடலும் தூரத்து எஞ்சின் போலத்தான் தெரிய வேண்டும். அக்ரிலிக் கறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கலந்து தொடங்குங்கள்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவி) இருந்தால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். பெயின்டைக் கலக்கிக் கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றினால் மெல்லிய படலமாக வழிந்து இறங்க வேண்டும். நம் வெயிலில் முனையிலேயே காய்ந்து அடைக்கும். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில சொட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்பிரஷ் இல்லையென்று தள்ளிப்போட வேண்டாம். அகலமான மெத்தென்ற பிரஷ்ஷில், நீர்த்த அக்ரிலிக்கை மூன்று நான்கு பூச்சாக அடித்தாலும் நன்றாகவே வரும்.

எல்லா இடமும் ஒரே கறுப்பு இல்லை. பாய்லருக்கு மேல் வெப்பம் காக்கும் உறையும், அதன் மேல் தகடும் உண்டு. அதனால் அங்கே பெயின்ட் நிற்கும். முன்னால் இருக்கும் புகைப்பெட்டிக்கு அந்த உறை கிடையாது. சூட்டில் பெயின்ட் வெந்து, பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த கறுப்பாகிவிடும். புகைபோக்கிக்கும் அதே கதி. ஆகவே புகைப்பெட்டிக்குச் சாம்பல் அதிகம் கலந்த மேட் கறுப்பு. டேங்க், டிரைவர் கூண்டின் பக்கங்களை எண்ணெய் தோய்த்த காட்டன் வேஸ்டால் துடைப்பார்கள். அங்கே லேசான மினுமினுப்பு இருக்கட்டும்.

முன்பலகைக்குச் சிவப்பு. கறுப்பின் மேல் நேராகச் சிவப்பு அடித்தால் மாட்டு ரத்த நிறத்தில் நிற்கும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு அடித்துவிட்டு மேலே சிவப்பு. மாஸ்கிங் டேப்பை முழுதும் காயும் முன்பே, மடக்கினாற்போல் மெதுவாக உரியுங்கள்.

7. எழுத்து

எந்தக் காலத்து எஞ்சின் என்று இங்கே முடிவு செய்ய வேண்டும். தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14-ல். அதற்கு முன்பு மதுரைப் பக்கம் ஓடியது தென்னிந்திய ரயில்வே. இரண்டையும் கலக்காதீர்கள்.

சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை வராது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டீகால் தாளில் (தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் படத் தாள்) கறுப்பைச் சுற்றி அச்சடித்து, ஓரம் ஒட்ட வெட்ட வேண்டும். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடுமுன் கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவைத்தால்தான் மை கரையாது.

டீகால் ஒட்டும் இடத்துக்கு முதலில் கிளாஸ் வார்னிஷ். மேட் பரப்பின் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொண்டு டீகாலைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னும். ஒட்டி, காய்ந்து, ஆர்.ஓ. தண்ணீரில் துடைத்த பிறகு மேலே மேட் வார்னிஷ்.

8. கறை

மேலிருந்து தொடங்குவோம். கூண்டின் கூரையிலும் பாய்லர் முதுகிலும் புகைக்கரி விழும். மென்மையான கறுப்பு சாக்பீஸ் பவுடரை, அதாவது கலைப்பொருள் கடையில் கிடைக்கும் பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள்.

சேஃப்டி வால்வுக்குக் கீழேயும், நெருப்புப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கழுவுத் துளை மூடிகளுக்குக் கீழேயும் வெள்ளைக் கோடு. பாய்லர் தண்ணீரின் உப்பு கசிந்து, சூட்டில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் நிற்பது அது. நம் வீட்டு கெய்சரைக் கழற்றினால் உள்ளே இருக்குமே, அதே உப்பு. மங்கலான வெள்ளையை மிக நீர்த்து, நுனி பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நான்கைந்து கோடு போதும். பாய்லர் முழுதும் கோடு போட்டால் எஞ்சினுக்கு நரை விழுந்தது போல் ஆகிவிடும்.

டேங்க் எஞ்சினில் தண்ணீர் நிரப்பும் வாய் மேலே இருக்கும். நிரம்பி வழிந்த தண்ணீர் டேங்கின் பக்கவாட்டில் தூசியைக் கழுவிக்கொண்டு இறங்கும். ஆகவே அந்த இடத்தில் கறை அடர்த்தியாக இருக்காது. தூசிப் படலத்தில் ஒரு சுத்தமான தடம் இருக்கும். பவுடர் தடவியபின் ஈரமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரு தடம் துடைத்தால் முடிந்தது.

புகைப்பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே சேர்ந்த கரித்தூளை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவார்கள். அதனால் கதவுக்குக் கீழே இருக்கும் மேடையில் சாம்பல், கீறல். எஞ்சினின் மற்ற இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இங்கே அழுக்கு இருக்கும்.

சக்கரத்தை இணைக்கும் ராடுகளில் எண்ணெய். இங்கே மேட் வேண்டாம்; கறுப்பும் பழுப்பும் கலந்து பளபளக்க வேண்டும். சக்கரத்தின் பக்கமும் அடிச்சட்டமும் பிரேக் தூளாலும் பாதைத் தூசியாலும் செம்பழுப்பாகும். எஞ்சினை மல்லாத்தி ஸ்பான்ஜில் வைத்து, 3, 4 வோல்ட் கொடுத்துச் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அடித்தால் ஆரங்களுக்கு நடுவில் விடுபடாது.

தூசியின் நிறம் பாதையைப் பொறுத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் ஓடிய எஞ்சினுக்கும், சாத்தூர், கோவில்பட்டிக் கரிசலில் ஓடிய எஞ்சினுக்கும் அடிப்பாகம் ஒரே நிறமாக இருக்காது. நிஜ மண்ணையே சலித்துப் போடலாமே என்று தோன்றும். மண்ணில் இருக்கும் இரும்புத்தூள் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பேஸ்டல் பவுடரே பாதுகாப்பு.

ஏறும் படியின் விளிம்பிலும், கை படும் கம்பியிலும் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரியும். 6பி பென்சிலால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

எங்கே பார்த்து வைப்பது? திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்திலும் சென்னை ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்திலும் எஞ்சின்களின் அமைப்பை அருகில் நின்று படிக்கலாம். கறைக்கு அவற்றை நம்ப வேண்டாம். காட்சிக்கு வைத்தவற்றுக்கு மேலே மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். ஓடும் எஞ்சின் வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போங்கள். ஆனால் நீலகிரி எஞ்சின்களில் எண்ணெய் எரிப்பவையும் உண்டு. கரித்தூளையும் சாம்பலையும் அவற்றில் தேடாதீர்கள்.

9. பூட்டுவது

சக்கரத்தின் தண்டவாளம் தொடும் பரப்பில் ஒரு துளி பெயின்ட் இருந்தாலும் மின்சாரம் ஏறாது. ஐ.பி.ஏ. தொட்ட பஞ்சுக்குச்சியால் பளபளக்கும் வரை துடையுங்கள். மின்சாரம் எடுக்கும் செம்புப் பட்டைகளையும் அப்படியே. ராடு மூட்டுகளிலும் அச்சிலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்தால் போதும். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை நேராகக் கவிழ்த்தால் அது தண்டவாளம் வரை இறங்கிச் சக்கரம் வழுக்கும். கூட்டைப் பூட்டி, முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட விட்டு, பவுடர் உதிர்ந்த இடங்களில் மட்டும் மறுபடி தொட்டு, மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. அதை அடிக்கும்போது சக்கரத்தையும் ராடுகளையும் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.