செம்பனை நடுவே இறங்கும் சிறு விமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே புல் ஓடுதளம் இருப்பது எங்களுக்குப் புதிதன்று. அத்தகைய இடத்தில் சிறு விமானம் அடிபட்டால், இறங்கும்போது தரையில் மோதிவிட்டது என்றுதான் ஊரார் பேசிக்கொள்வர். ஆனால், தவறு பெரும்பாலும் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

முதலாவது, மிகுதியான வேகம். செஸ்னா 172 என்னும் சிறு விமானம், ஓடுதளத்தை நோக்கி இறங்கும் கடைசி நேர்கோட்டில் ஏறத்தாழ 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். பாதுகாப்புக்கென்று அதில் 10 விழுக்காட்டைக் கூட்டினால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 21 விழுக்காடு கூடிவிடும். அந்த மிகுதி தீரும்வரை விமானம் மிதந்துகொண்டே ஓடுதளத்தைத் தின்றுவிடும். மாலை மழையில் நனைந்த புல்லில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதைத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வேகமாக வந்து தொட்ட விமானம் துள்ளும். அப்போது பதறி மூக்கை அழுத்துவதே மிகக் கெட்ட பழக்கம். முன்சக்கரம் முதலில் மோதி, அடுத்த துள்ளல் இன்னும் உயரமாகும். அப்படி மூன்றாவது துள்ளலில் முன்கால் ஒடிந்த விமானம் ஒன்றை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சுழல்விசிறியின் இரு நுனிகளும் காய்ந்த ஓலைபோல் பின்னோக்கிச் சுருண்டிருந்தன. “முதல் குதியிலேயே எழும்பிப் போயிருக்கலாமே,” என்றார் விமானம் ஓட்டியே அறியாத பெரிய கிராணி, அதாவது தோட்டத்தின் தலைமை எழுத்தர். அவர் சொன்னது சரி.

உயிரைப் பறிக்கும் தவறு வேறு. கடைசித் திருப்பத்தில் ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிட்ட விமானி, இறக்கையை மேலும் சாய்க்க அஞ்சி, கால்மிதியால் மூக்கை உள்ளே திருப்ப முயல்வார். வேகமும் குறைந்திருந்தால் உட்புற இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்று விழும். அந்தத் தாழ்ந்த உயரத்தில் அதை மீட்க இடமிருக்காது.

குறுக்குக் காற்றிலும் கவனம் வேண்டும். மர உச்சிக்குக் கீழே இறங்கியதும் காற்று சட்டென்று மாறும். சக்கரம் தொட்ட பின்னும் கைப்பிடியைக் காற்று வரும் பக்கமாகவே திருப்பி வைத்திருக்க வேண்டும்.

ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் சக்கரம் தொடாவிட்டால் மீண்டும் எழுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளலாம். 32 பாகை வெயிலில், கடல்மட்டத்திலும் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் காற்று மெலிந்திருப்பதால், எஞ்சின் வழக்கம்போல் தூக்காது. ஆகவே தயங்காமல் முழு விசையும் கொடுத்து, மூக்கை மிதமாக நிறுத்தி, இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்ட மடலான ஃபிளாப்பைப் படிப்படியாகவே மடக்க வேண்டும். ஒரே மூச்சில் மடக்கினால் விமானம் கீழிறங்கி, எதிரே நிற்கும் செம்பனை உச்சியில் போய்ச் சிக்கும்.